பைக்கு எத்தனை கல்?

யாழ்ப்பாணத்தில் வீடு கட்ட இறங்குகிறவர்கள் கல்லரியும் இடத்துக்குப் போனதும் விலைக்கு அடுத்தபடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அண்ணை, பைக்கு எத்தினை கல்லு அரியிறியள்?" 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றில் எத்தனை கல் எடுக்கிறார்கள் என்பதை வைத்தே கல்லின் தரம் பேசப்படுகிறது. எண்ணிக்கை குறைவென்றால் பலமான கல், விலை கூட. எண்ணிக்கை கூடினால் மலிவு, ஆனால் பயம்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பைச் சீமெந்து ஏறத்தாழ 35 லீற்றர் இடத்தைப் பிடிக்கும். ஒன்றுக்கு ஆறு என்று கலந்தால் அதனுடன் 210 லீற்றர் மணல் சேர்கிறது. 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமும் 6 அங்குலத் தடிப்பும் உள்ள ஒரு கல், ஓட்டை இல்லாமல் அரிந்தால், 24 கிலோ அளவில் நிற்கும். அப்படியானால் ஒன்றுக்கு ஆறில் பைக்கு 14 கல், ஒன்றுக்கு எட்டில் 18, ஒன்றுக்குப் பத்தில் 22 என்று வரும். நாலங்குலக் கல்லென்றால் இதே கணக்கில் 21, 27, 33. யாராவது ஆறங்குலக் கல்லைப் பைக்கு 30 அரிவதாகச் சொன்னால் அங்கே மணல் பதின்மூன்று பதினான்கு பங்கைத் தொட்டுவிட்டது என்று பொருள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் கல்லின் பலத்தில் சீமெந்தின் அளவு ஒரு பகுதி மட்டுமே. ஒன்றுக்கு ஆறில் அரிந்த கல் கையில் உதிர்வதையும், ஒன்றுக்குப் பத்தில் அரிந்த கல் ஆணிக்கே மசியாமல் நிற்பதையும் ஒரே ஊரில் பார்க்கலாம். மலிவான நல்ல கல் எப்படி உருவாகிறது என்று பார்த்தால், சீமெந்துப் பையைவிட மணல் கும்பத்தையும் தண்ணீர் வாளியையும்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

குடாநாட்டில் சீமெந்துக் கல் இவ்வளவு பரவியதற்குக் காரணம் நிலத்திலேயே இருக்கிறது. காலுக்குக் கீழே கிடப்பது சுண்ணாம்புக்கல். பழைய நாற்சார் வீடுகளின் சுவர்கள் அந்தக் கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் எழுந்தவை. வசதி குறைந்தவர்கள் மண்சுவர் வைத்தார்கள். செங்கல் சுடத் தோதான களி இங்கே தாராளமாகக் கிடைப்பதில்லை, சுடுவதற்கு விறகும் வேண்டும். மணலோ கடற்கரை ஓரங்களில் மேடு மேடாகக் கிடந்தது. 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை வந்தபின், அச்சு ஒன்றும் சவள் ஒன்றும் உள்ள எவரும் தன் வளவுக்குள்ளேயே கல் அரியலாம் என்ற நிலை வந்தது. அந்தத் தொழிற்சாலை 1990இல் போரால் நின்றது. அதன்பின் வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் சீமெந்து தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருந்தது; ஒரு சுவர் கட்டுவதென்பது கனவாகிப்போன ஆண்டுகள் அவை.

2009க்குப் பின் மீளக்குடியேறியவர்களுக்கு மறுபடி சுவர் தேவைப்பட்டது, ஒரே நேரத்தில், ஆயிரக்கணக்கில். இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரும் பகுதி 2012இல் தொடங்கியபோது வடக்கிலும் கிழக்கிலும் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபாய் கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டது. வீட்டுக்காரரே நின்று கட்டுவிக்க வேண்டும். அத்திவாரம் முடிந்தால் ஒரு தொகை, சுவர் எழுந்தால் இன்னொரு தொகை. அந்தப் பணத்துக்குள் கூரை வரை போய்ச் சேருவதற்காகப் பல குடும்பங்கள் தங்கள் முற்றத்திலேயே கல் அரிந்தன. தனித்து வாழும் பெண்கள் பலர் தாங்களே மணல் அரித்து, கலந்து, அச்சில் இட்டார்கள். இவர்களுக்கு ஒரு பைச் சீமெந்தை மிச்சம் பிடிப்பது என்பது உண்மையான கவலை. ஆகவே எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக்கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில், ஒரு கல்லுக்கு எவ்வளவு பலம் வேண்டும்? சீமெந்துக் கல்லுக்கான இலங்கைத் தரநியமம் எஸ்.எல்.எஸ். 855. சுவர்க் கல்லுக்கு அது கேட்கும் மிகக் குறைந்த சராசரி அமுக்க வலிமை சதுர மில்லிமீற்றருக்கு 1.2 நியூட்டன். கொங்கிறீற்றுத் தூணுக்கு 20, 25 என்று பேசுகிற இடத்தில் இது ஒரு பொருட்டாகவே தெரியாது. ஆனால் ஆறங்குலக் கல்லின் மேற்பரப்புக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். 400 மில்லிமீற்றர் நீளம், 150 மில்லிமீற்றர் தடிப்பு. ஒரு கல்லின் மேல் 72,000 நியூட்டன், அதாவது ஏழு தொன்னுக்கு மேல்.

இனி அந்தக் கல் சுவரின் அடியில் இருக்கும்போது அதன் தலையில் என்ன இருக்கிறது? பத்தடிச் சுவரில் 15 வரிசை வரும். அடிக்கல்லின் மேல் 14 கல், அவற்றுக்கிடையில் சாந்து, எல்லாமாக 360 கிலோ. ஓட்டுக் கூரையில் அந்தக் கல்லின் பங்குக்கு 60, 70 கிலோ. மொத்தம் அரைத் தொன்கூட இல்லை. ஓட்டுக்குப் பதிலாகக் கொங்கிறீற்றுத் தட்டுப் போட்டால்கூட ஒரு தொன்னுக்குள் அடங்கிவிடும். ஏழு தொன் தாங்கும் கல்லுக்கு அரைத் தொன் சுமை! அப்படியானால் இன்னும் சீமெந்தைக் குறைக்கலாமே என்று தோன்றும். அவசரப்படக்கூடாது. கல் தனியாகத் தாங்குவதில் பாதியைக்கூடச் சுவர் தாங்குவதில்லை, ஏனென்றால் சாந்தும் மூட்டும் இடையில் வருகின்றன. உயர்ந்த மெல்லிய சுவர் நெளியப் பார்க்கும். கூரைச் சுமை சரியாக நடுவில் இறங்காது. நூறு கல்லில் சில கல் எப்போதும் மோசமாக இருக்கும். இவற்றையெல்லாம் கழித்தால் ஏழு தொன் ஒரு தொன்னளவில் வந்து நிற்கும். 1.2 என்ற எண் ஆடம்பரமானதல்ல. அதற்குக் கீழே போகக்கூடாது. ஒரு மாடி வீட்டுக்கு அதற்கு மேலே வெகுதூரம் போகவும் தேவையில்லை.

இந்தப் பலத்தைக் குறைந்த சீமெந்தில் எப்படி எடுப்பது? பிரான்சில் ரெனே ஃபெரே என்ற பொறியியலாளர் 1890களில் சாந்துக் கலவைகளை நூற்றுக்கணக்கில் உடைத்துப் பார்த்து ஒரு தொடர்பைக் கண்டார். கலவையின் பலத்தைத் தீர்மானிப்பது சீமெந்தின் கன அளவுக்கும், சீமெந்து, தண்ணீர், காற்று மூன்றும் சேர்ந்து பிடிக்கும் கன அளவுக்கும் இடையிலான விகிதம். காற்றும் கணக்கில் வருவதுதான் முக்கியம். அமெரிக்கரான டஃப் ஏப்ரம்ஸ் 1918இல் சொன்ன நீர்-சீமெந்து விகிதம்தான் பின்னாளில் பாடப்புத்தகங்களில் பெயர் பெற்றது. ஆனால் அது தளதளவென்று காற்று வெளியேறிவிட்ட கொங்கிறீற்றுக்குப் பொருந்துவது. சீமெந்துக் கல்லின் கலவை அரை உலர்ந்தது. அதற்குள் காற்று நிறைய இருக்கும். கல்லரிகிறவருக்கு வேண்டியவர் ஃபெரே. கல்லுக்குள் இருக்கும் வெற்றிடத்தைக் குறைத்தால், சீமெந்தைக் கூட்டாமலே பலம் கூடும்.

வெற்றிடம் எவ்வளவு என்பதை வீட்டிலேயே அளக்கலாம். ஒரு லீற்றர் பிடிக்கும் ஏனத்தில் நன்றாகக் காய்ந்த மணற்காட்டு மணலை விளிம்பு வரை நிரப்புங்கள். அளந்த தண்ணீரை மெதுவாக அதில் ஊற்றுங்கள். மணலின் மேல்மட்டத்தில் தண்ணீர் மினுங்கும் நேரம் 400 மில்லிலீற்றர் அளவில் உள்ளே போயிருக்கும். பார்வைக்கு நிறைந்திருந்த ஏனத்தில் பத்தில் நான்கு பங்கு வெறும் இடம். இப்போது கல் உடைக்கும் இடத்திலிருந்து வரும் கருங்கல் தூளையும் அதே மணலையும் பாதிப்பாதி கலந்து செய்து பாருங்கள். தண்ணீர் குறைவாகவே பிடிக்கும்.

இதற்குக் காரணம் மணிகளின் பருமன் வேறுபாடு. எல்லா மணியும் ஒரே பருமனாக இருந்தால், அந்தப் பருமன் பெரிதா சிறிதா என்பது பொருட்டில்லை. இடைவெளியின் பங்கு ஏறக்குறைய ஒன்றேதான். தேங்காயை நிரப்பினாலும் தேசிக்காயை நிரப்பினாலும் சாக்கில் காற்று அதே பங்குதான் இருக்கும். தேங்காய்களுக்கிடையில் தேசிக்காயும், அதற்கிடையில் உழுந்தும் போனால்தான் சாக்கு உண்மையில் நிறையும். மணற்காடு, குடத்தனை, நாகர்கோவில் பக்கத்து மணல்மேடுகள் காற்று அள்ளிக் குவித்தவை. காற்று தன்னால் தூக்க முடிந்த பருமனை மட்டுமே தேர்ந்து கொண்டுவந்து சேர்க்கும். அதனால் அந்த மணல் அழகாக, வெள்ளையாக, ஒரே சீராக இருக்கிறது. கல்லுக்கு அந்தச் சீர்தான் குறை. போதாக்குறைக்கு, மணியின் விட்டம் பாதியானால் அதே கன அளவு மணலின் மொத்த மேற்பரப்பு இரண்டு மடங்காகும். அவ்வளவையும் சீமெந்துப் பசை பூசி மூட வேண்டும். ஒரே பருமனான நுண்மணலில் ஒன்றுக்கு ஆறு என்று கலந்தும் கல் உதிர்வதற்கு இதுதான் காரணம்.

மணல்மேட்டை அள்ளுவதில் வேறொரு இழப்பும் உண்டு. அதை இந்த இடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வடமராட்சி கிழக்கின் மணல்மேடுகள் மழைநீரை உறிஞ்சிக் கீழே நன்னீராக வைத்திருக்கின்றன. கடற்காற்றையும் அலையையும் முதலில் மறிப்பவை அவைதான். ஆற்றுமணலை வன்னியில் அள்ளினாலும் ஆற்றங்கரைகளுக்கு இதேபோன்ற கேடுதான். குடாநாட்டில் கருங்கல் இல்லை என்பதால் கல்லும் தூளும் வவுனியா முதலான வன்னிப் பகுதிகளிலிருந்து ரிப்பரில் வர வேண்டும், கூலி கூடும். ஆனாலும் மணலில் பாதியைத் தூளால் மாற்றினால் சீமெந்தும் மிஞ்சும், மேடும் மிஞ்சும். தூளின் மணிகள் முனை முனையாக இருப்பதால் கலவை கொஞ்சம் முரண்டு பிடிக்கும், தண்ணீர் சற்றுக் கூடக் கேட்கும். கையால் இடிக்கும்போது அது தெரியும். அதிரும் இயந்திரத்தில் தெரியாது.

மணலை அளப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. முற்றாகக் காய்ந்த மணலையும் முற்றாக நனைந்த மணலையும்விட, இலேசாக ஈரமான மணல் கூடுதல் இடம் பிடிக்கும். மணிகளைச் சுற்றியுள்ள மெல்லிய நீர்ப்படலம் அவற்றை ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தள்ளி நிறுத்துகிறது. நிறையில் ஐந்து வீதம் ஈரம் இருந்தாலே நுண்மணல் கால்வாசி ஊதிவிடும். அப்போது ஆறு பெட்டி என்று கொட்டுவதில் உள்ளது ஐந்து பெட்டிக்கும் குறைவான மணல். காய்ந்த மணலை அள்ளும் சித்திரையில் அதே ஆறு பெட்டி முழு ஆறு பெட்டி. ஒரே ஆள், ஒரே பெட்டி, ஒரே விகிதம். கல் மட்டும் பருவத்துக்குப் பருவம் மாறும். மணலைக் கியூப் கணக்கில் வாங்குகிறவருக்கும் இது பொருந்தும்: ஈரமணல் ஒரு கியூப் வந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு காற்றுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார்.

கலவை தயாரானதும் இருப்பது தண்ணீர் ஊற்றும் வேலை. கல்லின் கதையில் தண்ணீர் இரண்டு முறை வருகிறது. முதல் முறை மிகக் குறைவாகவும் இரண்டாம் முறை தாராளமாகவும் இருக்க வேண்டும். நடைமுறையில் பல இடங்களில் நேர்மாறாக நடக்கிறது.

அச்சில் இட்ட கையோடு அச்சைத் தூக்கிவிட்டு அடுத்த கல்லுக்குப் போகவேண்டும் என்பதால், கலவை தன் காலில் தானே நிற்க வேண்டும். கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டை உடையாமல் நிற்கும், விரல்களின் அடையாளம் பதிந்திருக்கும், உள்ளங்கையில் தண்ணீர் ஒழுகாது. அதுதான் பதம். அதைவிடக் காய்ந்திருந்தால் மணிகள் ஒன்றையொன்று வழுக்கி நெருங்காது, எவ்வளவு இடித்தாலும் காற்று வெளியேறாது. கூடிப்போனால் கல் அடியில் வயிறு தள்ளும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வெளி மிகக் குறுகியது. ஒரு பைக் கலவைக்குச் சில லீற்றர்தான். ஆகவே கடைசி வாளியைப் பூவாளியால் தெளிப்பது நல்லது. நல்ல இயந்திரம் செய்வதும் இதே வேலைதான்: அதிர்வு மணிகளுக்கிடையில் உள்ள உராய்வை அந்தச் சில நொடிகளுக்கு அகற்றிவிட, அவை தத்தம் பாரத்தாலேயே இறங்கி இடைவெளியில் அமர்கின்றன. அமெரிக்கரான ஹார்மன் பாமர் 1900இல் கொங்கிறீற்றுக் கல் அரியும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றபோது அதில் கலவையைக் கையால்தான் இடிக்க வேண்டும். கையால் இடிக்கும் அச்சு இன்றும் நல்ல கல் தரும். கலவையை ஒரேயடியாகக் கொட்டி மேலே நாலு குத்துக் குத்தாமல், மூன்று தட்டாகப் போட்டு ஒவ்வொன்றையும் மூலை மூலையாக இடிக்க வேண்டும். பல கற்களில் அடிமூலை பொத்தலாக இருப்பதைப் பார்த்தாலே இடித்தவர் எங்கே கைவிட்டார் என்று சொல்லிவிடலாம்.

ஒரு முழுப் பையையும் காலையிலேயே கலந்து குவித்துவிட்டு மதியம் வரை அரிவது பெரிய தவறு. கலவையில் நீர் பட்ட கணத்திலேயே சீமெந்து வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஒரு மணித்தியாலம் கழித்து, குவியல் காய்ந்துவிட்டதே என்று மறுபடி தண்ணீர் தெளித்துப் பிரட்டினால், அப்போதுதான் பிடிக்கத் தொடங்கிய பிணைப்புகளை நாமே அறுக்கிறோம். அரைப் பை, கால் பையாகக் கலப்பது சிரமம்தான். ஆனால் அதற்குக் காசு செலவில்லை.

இரண்டாவது தண்ணீருக்கு வருவோம். சீமெந்து "காய்ந்து" இறுகுகிறது என்று நினைப்பவர்கள் ஏராளம். உண்மையில் அது தண்ணீரைக் குடித்து இறுகுகிறது. சீமெந்துத் துகளிலுள்ள கல்சியம் சிலிக்கேற்றுகள் நீருடன் சேர்ந்து புதிய சேர்வைகளாகின்றன. நார்நாராகவும் தகடுதகடாகவும் வளர்ந்து மணிகளுக்கிடையே பின்னிக்கொள்கின்றன. இந்த நீரேற்றம் முதல் வாரத்தில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நடக்கும். ஏழு நாளில் 28 நாள் பலத்தின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு வந்துவிடும், நீர் இருந்தால். 1947இல் ரி. சி. பவர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டிய ஒன்றை ஒவ்வொரு கல்லரியும் இடத்திலும் எழுதி வைக்கலாம்: சீமெந்துக்குள் இருக்கும் துளைகளின் ஈரப்பதன் 80 வீதத்துக்குக் கீழே போனால் நீரேற்றம் கிட்டத்தட்ட நின்றுவிடும். துகள்களின் நடுவில் தொடப்படாத சீமெந்து அப்படியே கிடக்கும். காசு கொடுத்து வாங்கிய சீமெந்து அது. கல்லுக்குள் வெறும் தூளாக இருக்கிறது.

கல் சிறியது, நாலு பக்கமும் வெளியே திறந்தது, ஏற்கனவே நீர் குறைந்த கலவை. ஆடி மாதக் காற்றும் வெயிலும் படும் வெட்டவெளியில் காலையில் அரிந்த கல் மாலைக்குள் வெளுத்துவிடும். அந்த வெளுப்பைக் கண்டு "கல்லு நல்லாக் காஞ்சிட்டுது" என்று மகிழ்வோம். நீரேற்றம் நின்ற அடையாளம் அது. முறையாக நனைத்த கல்லோடு ஒப்பிட்டால் இப்படிக் காயவிட்ட கல்லின் பலம் பாதியளவுக்கு இறங்கலாம். ஒன்றுக்கு ஆறில் அரிந்து வெயிலில் போட்டவர் வாங்கிய பையில் பாதியை வெயிலுக்குக் கொடுத்துவிட்டார் என்றே சொல்லலாம்.

செய்ய வேண்டியது எளிது. முதல் நாள் நிழல். மரத்தின் கீழோ கிடுகுக் கொட்டிலிலோ. மறுநாள் கல்லை நெருக்கமாக அடுக்கி, சாக்கோ கிடுகோ பொலித்தீனோ போட்டு மூடி, ஏழு நாளாவது ஈரம் விடாமல் காக்க வேண்டும். ஒரு நாளில் மூன்று தரம் தண்ணீர் அடித்துவிட்டுத் திறந்தபடி விடுவதைவிட ஒரு தரம் நனைத்து மூடிவைப்பது மேல். நனைந்து காய்ந்து நனைந்து காயும் கல் வெடிப்பு வாங்கும். கிணற்று நீர் சவர் என்றால் வேறு கிணறு பார்க்க வேண்டும். குடிக்கக்கூடிய நீர் கல்லுக்கும் நல்லது.

இப்போது காசுக் கணக்குக்கு வரலாம். 550 சதுர அடி வீட்டுத்திட்ட வீடொன்றுக்குச் சுவர்ப் பரப்பு 120 சதுர மீற்றர் என்று வையுங்கள். ஆறங்குலக் கல் 1,500 வரும். ஒன்றுக்கு எட்டிலிருந்து ஒன்றுக்குப் பத்துக்கு மாறினால் கல்லுக்கு அரைக் கிலோ சீமெந்து மிச்சம். 1,500 கல்லில் 750 கிலோ, 15 பை. கவனமாக இடித்து நனைத்த கல்லென்றால் இந்த 15 பையும் உண்மையான லாபம். கவனமில்லாத கல்லில் என்ன நடக்கிறது? ஏற்றி இறக்குவதில் பத்துக்கு ஒன்று மூலை உடையும். 150 கல், ஏழு பைச் சீமெந்து. முகம் கோணிய கல்லை நேராக்கப் பூச்சு தடிக்கும். 12 மில்லிமீற்றரில் முடிய வேண்டிய பூச்சு 20 மில்லிமீற்றரானால், உள்ளும் புறமும் சேர்த்து 240 சதுர மீற்றரில் கிட்டத்தட்ட இரண்டு கன மீற்றர் சாந்து கூடுதல். ஒன்றுக்கு ஐந்து சாந்தில் அது பத்துப் பைக்கு மேல். மிச்சம் பிடித்த 15 பை போய், மேலும் இரண்டு பை கையைக் கடிக்கும். இதில் மணலையும் மேசனின் கூலியையும் நான் சேர்க்கவில்லை.

வாங்குகிறவர் என்ன செய்யலாம்? இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். நல்ல கல் கணீரென்னும். விளிம்பை ஆணியால் அழுத்திக் கீறுங்கள். கோடு விழலாம், பள்ளம் விழக்கூடாது. ஒரு கல்லை உடைத்து நடுவைப் பாருங்கள். வெளித்தோல் கறுப்பாகவும் உட்புறம் வெளிறியும் இருந்தால் நீர் உள்ளே போகவில்லை. இவை ஆய்வுகூடச் சோதனைக்கு ஈடாகாது. ஆனால் பைக்கு எத்தனை கல் என்று கேட்பதைவிட, "அரிஞ்சு எத்தினை நாள்? எத்தினை நாள் நனைச்சனியள்?" என்று கேட்பது கல்லின் பலத்தைக் கூடுதலாகச் சொல்லும்.

அரிந்து 28 நாளாவது ஆகாத கல்லைக் கட்டக்கூடாது. பலத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சீமெந்துக் கல் ஈரம் இழக்கும்போது சுருங்கும். அந்தச் சுருக்கம் அடுக்கில் இருக்கும்போதே நடந்து முடிந்தால் யாருக்கும் தெரியாது; சுவருக்குள் நடந்தால் வெடிப்பாகத் தெரியும். இங்கே மேசன்மார் பலர் செய்யும் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். செங்கல்லைத் தண்ணீரில் ஊறவைத்துக் கட்டுவது சரியான முறை. இல்லையென்றால் அது சாந்தின் நீரை உறிஞ்சிவிடும். அதே பழக்கத்தில் சீமெந்துக் கல்லையும் தொட்டியில் ஊறப்போட்டுக் கட்டுகிறார்கள். ஊறிய கல் விரியும், சுவரில் ஏறியபின் காய்ந்து சுருங்கும், மூட்டு மூட்டாகப் படிபோல வெடிப்பு இறங்கும். வெக்கையான நாளில் மூட்டுப் பக்கத்தை இலேசாக ஈரத் துடைப்பால் தடவுவது போதும். நனைக்க வேண்டிய நாள்கள் அரிந்த முதல் வாரத்தில் இருந்தன. கட்டும் நாளில் கல் உலர்ந்திருக்க வேண்டும்.

சாந்தையும் அளவோடு வைக்க வேண்டும். மலிவான கல்லை ஒன்றுக்கு மூன்று சாந்தில் கட்டினால் பலம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் கல்லைவிடச் சாந்து பலமானால் சுவர் அசையும்போது கல்லே பிளக்கும். ஒன்றுக்கு ஐந்து அல்லது ஆறு சாந்து என்றால் வெடிப்பு மூட்டோடு நின்றுவிடும், கீறி அடைத்துவிடலாம்.

கடற்கரை மணல் பற்றிப் பலரும் கேட்பதால் சுருக்கமாக: உப்பு, இரும்பில்லாத கல்லை உடனே அரிப்பதில்லை. ஆனால் அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சுவர் பூக்கும், பெயின்ற் உரியும். கம்பி வைத்த பெல்ற், லின்ரல் கொங்கிறீற்றில் அதே மணல் போனால் கம்பி துருப்பிடித்துச் சில ஆண்டுகளில் கொங்கிறீற்றைப் பிளந்துவிடும். மழையில் நன்கு கழுவப்பட்டு உப்பு நீங்கிய மணலைத் தவிர மற்றதைத் தொடாமலிருப்பது நல்லது.

மதிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாரியில் புயல் வந்துபோன பிறகு விழுந்து கிடப்பவை பெரும்பாலும் வீட்டுச் சுவர்களல்ல, மதில்கள். மதிலின் தலையில் கூரையும் இல்லை, சுமையும் இல்லை. நசுங்கும் ஆபத்தே அதற்குக் கிடையாது. அதை விழுத்துவது பக்கவாட்டுத் தள்ளல். ஆறடி உயர மதிலின் மேல் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகக் காற்று மோதினால், நாலங்குலக் கல்லில் அடி மூட்டை இழுத்துப் பிரிக்கும் தகைப்பு சதுர மில்லிமீற்றருக்கு அரை நியூட்டனை நெருங்கும். சாதாரணச் சாந்து மூட்டு அதில் பாதியைக்கூடத் தாங்காது. இதற்குக் கல்லில் சீமெந்தைக் கூட்டிப் பயனில்லை. தடிப்பைக் கூட்டினால் பயனுண்டு, ஏனென்றால் வளைவை எதிர்க்கும் திறன் தடிப்பின் வர்க்கத்தோடு வளரும். நாலங்குலத்துக்குப் பதில் ஆறங்குலம் வைத்தால் தடிப்பு ஒன்றரை மடங்கு, எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு. அதைவிடச் சிக்கனமானது, நாலங்குலக் கல்லையே வைத்து எட்டு அல்லது பத்தடிக்கு ஒரு தூண் கம்பியோடு எழுப்பி, அந்தத் தூணை அத்திவாரத்தில் கட்டுவது. மதிலின் ஒரு பக்கம் நிலம் உயர்ந்திருந்தால் மழைக்கு ஊறிய மண்ணும் காற்றோடு சேர்ந்து தள்ளும். அடி வரிசையில் ஆறடிக்கு ஒரு கல்லாவது சாந்து வைக்காத செங்குத்து மூட்டோடு விட்டால் அந்த நீர் வெளியே போய்விடும்.